கை தூக்கிய தோட்டம்

வெள்ளைப்பாறைத் தோட்டத்தில் போதை ஒழிந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். எட்டு மணிக்கு இருந்தது, ஒன்பதரைக்கு இல்லை. எல்கடுவப் பக்கத்து மலைகளில் இவ்வளவு மரியாதையாக விடைபெற்றுப் போன சீக்கு வேறு கிடையாது. அம்மைகூட ஒரு வீட்டுக்கு வந்தால் வாசல் நிலையில் செருகிய வேப்பிலை வாடும் வரைக்குமாவது இருந்துவிட்டுத்தான் போகும்.

ஒழித்தவர்கள் 'போதையற்ற தோட்டங்களுக்கான விசேட செயலணி' என்ற பெயருடையவர்கள். மாத்தளை டவுனில் ஒரு வாடகைக் கட்டடத்தின் மாடியில் அவர்களுடைய காரியாலயம். மாவட்டத்தில் வேறு செயலணிகளும் இருந்தன. சாராயத்துக்கு ஒன்று, கள்ளச்சாராயமான கசிப்புக்கு ஒன்று, ஹெரோயின் தூளுக்கு ஒன்று. இவையெல்லாம் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ள இன்னும் ஒன்று. தோட்டங்கள் இவர்களுடைய பங்கு.

தோட்டத்துச் சனங்களுக்கு இது எதுவும் தெரியாது. முந்திய நாள் பெரட்டில், காலையில் ஆள் கணக்கெடுக்கிற இடத்தில், கணக்கப்பிள்ளை சொன்னது ஒன்றே ஒன்றுதான்: நாளைக் காலை பெரட்டுக்களத்தில் கூட்டம், வந்து நிற்கிறவர்களுக்கு அரைப்பேர். தோட்டத்தில் ஒரு நாள் உழைப்புக்குப் 'பேர்' என்பார்கள். பேர் விழுந்தால் சம்பளம் உண்டு, விழாவிட்டால் இல்லை. மலை ஏறாமல், அட்டைக் கடி வாங்காமல், நின்ற இடத்தில் நின்று அரைப்பேர் வாங்கலாமென்றால் யார்தான் வரமாட்டார்கள்? சாகக் கிடந்தவர்களைத் தவிர எல்லோரும் வந்தார்கள்.

தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற ரபாயேலும் வந்தான். பெண்சாதி மார்ஜரியும் வந்தாள். மகன் ரொமேஷையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள். ரொமேஷ் தம்புள்ளையில் மரக்கறி மூட்டை ஏற்றி இறக்கும் வேலைக்குப் போனவன். போகும்போது ஆள் தூண் மாதிரி இருந்தான். திரும்பி வந்தபோது சட்டைக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. தூள் பழகிவிட்டது என்று அவனே தாயிடம் சொல்லி அழுதான். வெயிலில் கொஞ்சம் நின்றால் நல்லது என்று மார்ஜரி நினைத்தாள். அரைப்பேர் விழுந்தால் அதுவும் நல்லது என்று ரபாயேல் நினைத்தான். ஏழைக்கு ஒரு கல்லில் ஒரு மாங்காய் விழுவதே பெரிது.

மேடையில் செயலணியின் பணிப்பாளர் ஆறுமுகநாதன் எழுந்தார். வெள்ளை நீளக்கைச் சட்டை, பொக்கெற்றில் இரண்டு பேனை. வடக்கிலிருந்து மாற்றலாகி வந்தவர், நல்ல மனிதர், யாரையும் கடிந்து பேசாதவர். அவர் செய்த தீமைகளெல்லாம் மிகுந்த பணிவோடு செய்யப்பட்டவை என்பதை இந்தக் கதை முடிவதற்குள் நீங்களே ஒத்துக்கொள்வீர்கள்.

"அன்பார்ந்த தோட்டத்து மக்களே," என்று ஆரம்பித்தார். "அந்தக் காலத்து மதுவிலக்கு ஏன் தோற்றது? கீழ்ச் சந்தியில் இருந்த கள்ளுத் தவறணையை மூடினார்கள். மிக நல்ல காரியம். ஆனால் மூடிய பிறகு, இன்னும் யாராவது குடிக்கிறார்களா என்று தேடிப் பார்த்தார்கள். அங்கேதான் பிழை விட்டார்கள். தேடினால் கிடைக்கத்தானே செய்யும்? நாங்கள் அந்தப் பிழையை ஒருபோதும் விடமாட்டோம். அன்று ஒரேயொரு குழுதான் இருந்தது. இன்று ஐந்து செயலணிகள் இருக்கின்றன. ஆகவே இன்றைய சட்டம் அன்றைய சட்டத்தைவிட ஐந்து மடங்கு பலன் தருகிறது என்பதை நான் புதிதாக நிரூபிக்கத் தேவையில்லை."

கைதட்டச் சொன்னார்கள், தட்டினார்கள். ரபாயேலும் தட்டினான். அந்தத் தவறணை மூடிய வருஷம் அவனுக்கு நன்றாக நினைவிருந்தது. அதுவரைக்கும் அவனுடைய அப்பன் சவரிமுத்து சனிக்கிழமை மட்டும் இறங்கிப் போய் அளவாகக் கள்ளுக் குடித்துவிட்டு, வழியெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டு வருவான். தவறணைக்குப் பூட்டுப் போட்ட பிறகு ஓடைக்கரையில் கசிப்பு காய்ச்ச ஆரம்பித்தார்கள். பற்றரிக் கட்டையிலிருந்து யூரியா வரைக்கும் அதில் போடுவார்களென்று பேச்சு. சவரிமுத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் புறப்பட்டு, வாசலில் நின்றுகொண்டு, இன்னும் விடியவில்லையா என்று கேட்டான். அப்போது நல்ல வெயில். அவனுக்கு அதற்குப் பிறகு விடியவேயில்லை. மதுவிலக்கு அந்த வருஷம் அமோக வெற்றி என்று அறிவித்தார்கள்.

உரை முடிந்ததும் ஆறுமுகநாதன் உறுதிமொழிக்கு வந்தார். போதைப்பொருளை அறவே தொடாதவர்கள் வலக்கையை உயர்த்துமாறு கேட்டுக்கொண்டார்.

இங்கேதான் ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். பெரட்டுக்களத்தில் கை தூக்குவதென்றால் 'வந்திருக்கேன், பேர் போடுங்க' என்று அர்த்தம். அந்த மண்ணில் மூன்று தலைமுறையாக வேறு அர்த்தம் கிடையாது. கேள்வி என்னவென்று யாரும் காதில் வாங்கவில்லை. வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் கையைத் தூக்கச் சொல்கிறார், தூக்காவிட்டால் அரைப்பேர் போய்விடும். களம் முழுக்கக் கை எழும்பியது. காலையிலேயே போட்டுவிட்டு வந்து பக்கத்தவன் தோளில் சாய்ந்திருந்தவர்களும் தூக்கினார்கள். ஓடைக்கரையில் கசிப்பு காய்ச்சுகிற பிரியந்தன் இரண்டு கையையும் தூக்கினான்.

ரொமேஷ் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் ஒருவனுக்குத்தான் கேள்வி விளங்கியிருந்தது.

"கையத் தூக்குடா, பேர் போயிரும்," என்றான் ரபாயேல். மகன் அசையவில்லை. ரபாயேல் அவனுடைய முழங்கையைப் பிடித்து மேலே உயர்த்தினான். அந்த நேரத்தில்தான் செயலணியின் போட்டோக்காரன் முன்வரிசையைப் படம் பிடித்தான். வெளிச்சம் கண்ணில் பட்டு ரொமேஷ் தலையை நிமிர்த்தினான். பார்த்தால் சிரிக்கிற மாதிரியே இருந்தது.

பிறகு தோட்டத்துக்கு ஒரு கண்காணிப்புக் குழு தெரிவு செய்தார்கள். சட்டம் தெரிந்த ஒருவர் உபதலைவராக வேண்டும் என்று கேட்டபோது சனங்கள் பிரியந்தனைத்தான் காட்டினார்கள். வழக்கென்று கோடு கச்சேரிக்கு அவ்வளவு தரம் ஏறி இறங்கியவர்கள் தோட்டத்தில் வேறு யாரும் இல்லை. ஆறுமுகநாதன் அவனுக்கு ஒரு பச்சை நிறத் தொப்பி அணிவித்தார். மறுநாள் போயா, பௌர்ணமி விடுமுறை, சாராயக்கடைகள் பூட்டிவிடும். ஆகையால் விழா முடிந்தவுடன் செயலணியின் ஜீப் தேநீருக்குக்கூட நிற்காமல் டவுனுக்குப் பறந்தது. பின்சீட்டில் வெற்றுப் பெட்டி இரண்டு இருந்ததாக ஜீப்பைக் கழுவிக் கொடுத்தவர்கள் சொன்னார்கள்.

அந்த மாதமே தோட்டத்து முகப்பில் பெரிய பலகை ஒன்று எழும்பியது. 'இது போதையற்ற தோட்டம்' என்று மூன்று மொழியிலும் எழுதியிருந்தது. எழுத்துக்குப் பக்கத்தில் வலக்கையை உயர்த்திச் சிரித்துக்கொண்டு ரொமேஷ் நின்றான். மற்ற எல்லோரையும் படத்திலிருந்து வெட்டியிருந்தார்கள். ரபாயேலையும்தான். மகனுடைய முழங்கையைப் பிடித்திருந்த அவனுடைய நாலு விரல்கள் மட்டும் வெட்ட முடியாமல் ஒட்டிக்கொண்டிருந்தன.

பலகையில் இருந்த ரொமேஷ் அப்படியிருக்க, லயத்துக் காம்பராவில் இருந்த ரொமேஷ் பாயில் சுருண்டு கிடந்தான். வாந்தி, நடுக்கம், உடம்பெல்லாம் பூச்சி ஊர்கிறதென்ற புலம்பல். தாயும் தகப்பனும் மாறி மாறிக் கதவைப் பூட்டிவைத்துக் காவல் இருந்தார்கள். ஒரு நாள் கொஞ்சம் தெளிந்த நேரத்தில் அவனே கேட்டான்: "அப்பா, எங்கயாச்சும் ஒரு எடத்துல கொண்டு போய்ப் போடுங்க. வெளிய வுட்டா நான் திரும்பப் போயிருவேன். எனக்கே என்ன நம்ப முடியல."

பெற்றவனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? மார்ஜரி அன்றைக்கே ஒரு பையில் இரண்டு சாரம், துவாய், சவர்க்காரம், ஒரு ஜெபமாலை எல்லாவற்றையும் வைத்துக் கட்டிவிட்டாள். செயலணிக்குச் சொந்தமாக ஒரு புனர்வாழ்வு விடுதி இருப்பதாகவும் அங்கே கட்டில் இலவசமென்றும் மேடையிலேயே சொல்லியிருந்தார்கள். ரபாயேல் மகனுக்கு ஒரு கட்டில் கேட்க மாத்தளைக்குப் போனான்.

ஆறுமுகநாதன் அவனை எழும்பி நின்று வரவேற்றார். கதிரை கொடுத்தார். பிளேன்டீ வரவழைத்தார். ரபாயேல் சொன்னதை எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"நீர் சொல்லுறது எனக்கு விளங்குது ரபாயேல். என்ர மகனாயிருந்தாலும் நான் இப்பிடித்தான் ஓடித் திரிஞ்சிருப்பன். ஆனால் ஒரு சிக்கல் கிடக்கு. உம்மட தோட்டத்தில போதை இல்லை."

"எம் மகன் இருக்கானே சேர்."

"அதைத்தான் சொல்லுறன். போதை இல்லாத இடத்தில போதைக்கு அடிமையானவர் எப்பிடி இருப்பார்? அவரை நான் அடிமை எண்டு எடுத்தால் தோட்டம் போதையற்ற தோட்டம் இல்லை எண்டாகும். பலகையைக் கழட்ட வேணும். உம்மட ஒரு பிள்ளைக்காக அவ்வளவு சனத்தின்ர நல்ல பேரையும் கெடுக்கச் சொல்லுறீரோ?"

ரபாயேல் அப்படிச் சொல்லவில்லை என்றான். சொல்லாததற்கு மன்னிப்பும் கேட்டான். ஆறுமுகநாதன் சுவரைக் காட்டினார். அங்கே பலகையின் படம் சின்னதாகச் சட்டம் போட்டுத் தொங்கியது. தோட்டப் பிரசாரத்துக்கே ரொமேஷின் முகம்தான் என்றும், கொழும்பில் பெரியவர்கள் பார்த்துவிட்டு இந்தப் பையனுடைய கண்ணில் என்ன தெளிவு என்று வியந்தார்கள் என்றும் சொன்னார். இவ்வளவு தெளிவாகக் கை தூக்கிய ஒருவர் பிறகு வந்து இல்லை என்றால் அது அரசாங்கத்துக்கே பொய் சொன்ன மாதிரி ஆகிவிடும், பையனுக்குத்தான் ஆபத்து என்று மிகுந்த அக்கறையோடு எச்சரித்தார்.

"கைய நான்தான் சேர் தூக்கிவிட்டேன்," என்றான் ரபாயேல்.

"அதை வெளியில சொல்லாதையும்," என்றார் அவர், குரலைத் தாழ்த்தி.

வாசல் வரைக்கும் கூடவே வந்து ஒரு வழியும் சொல்லிக் கொடுத்தார். மாத்தளைக் கிளைக்குப் போதை இல்லை என்று காட்டுவதுதான் இலக்கு. தம்புள்ளைக் கிளைக்கோ போதை உண்டு என்று காட்டுவது இலக்கு. அங்கே ஆள் பிடித்துக் கொடுத்தால்தான் அவர்களுக்கு மதிப்பு. ரொமேஷ் பழகியதும் அங்கேதானே, ஆகவே அவன் முறைப்படி அந்த ஊர் அடிமை. இரண்டு கிளையும் ஒரே செயலணியா என்று ரபாயேல் கேட்டான். ஒரே செயலணிதான், ஒரே சம்பளம்தான் என்றார்.

தம்புள்ளைக் கிளையில் நிரஞ்சலா என்ற அதிகாரி இருந்தார். எதையும் இரண்டு தரம் சொல்லாத பெண். கட்டில் வேண்டுமென்றால் நீதவான் கோடு அனுப்ப வேண்டும், கோடு அனுப்ப வேண்டுமென்றால் கைது செய்ய வேண்டும், கைது செய்ய வேண்டுமென்றால் ஆளிடம் சாமான் இருக்க வேண்டும் என்றார். தன் மகன் இப்போது எதையும் தொடுவதில்லை, பூட்டிவைத்திருக்கிறோம் என்று ரபாயேல் பெருமையாகச் சொன்னான். நிரஞ்சலாவின் முகம் வாடிவிட்டது.

"அப்ப நான் என்னத்தைப் பிடிக்கிறது? வெறுங்கையோட வாறவரைப் பிடிச்சால் அது அநியாயம் எல்லோ. சட்டம் எண்டு ஒண்டு இருக்கு."

வரும் வெள்ளிக்கிழமை சாமானோடு வந்தால் வாசலிலேயே வைத்துப் பிடித்துக்கொள்வதாகவும், மாத முடிவு என்பதால் தனக்கும் அது உதவியாக இருக்குமென்றும் சொன்னார். சின்னப் பொட்டலமாக இருந்தால் நோயாளி, பெரிதாக இருந்தால் வியாபாரி, ஆகவே அளவு பார்த்துக் கொண்டு வரச் சொன்னார். பிள்ளை பள்ளிக்கூடத்துக்கு என்ன கொண்டுபோக வேண்டுமென்று டீச்சர் சொல்வது போலத்தான் சொன்னார்.

ரபாயேல் வாழ்நாளில் பீடியைத் தவிர எதையும் வாயில் வைத்தவன் இல்லை. அப்பனுடைய கண் போனதிலிருந்து கள்ளு வாசனை பட்டாலே எழும்பிப் போய்விடுவான். அவன் இப்போது மகனைக் காப்பாற்றத் தூள் வாங்க வேண்டும். வேறு யாரிடம் போவான்? போதை ஒழிப்புக் கண்காணிப்புக் குழுவின் உபதலைவரிடம்தான் போனான்.

பிரியந்தன் பச்சைத் தொப்பியோடு ஓடைக்கரையில் உட்கார்ந்திருந்தான். அண்டாவும் இல்லை, அடுப்பும் இல்லை. கசிப்பை விட்டுவிட்டாயா என்று ரபாயேல் கேட்டதற்கு அவன் அலுத்துக்கொண்டான்.

"அது யாருண்ணே இப்ப செய்றா? எங்கப்பன் பீப்பாயில வச்சிருந்தாரு. பீப்பாயப் புடிச்சாங்க, கேனுக்கு மாறுனோம். கேனப் புடிச்சாங்க, போத்தலுக்கு மாறுனோம். அடுப்புப் பொகையப் பாத்துப் புடிச்சாங்க. இப்ப தூளப் பாருங்க, நகத்து இடுக்குல வச்சுக்கிட்டுப் போகலாம். சட்டம் எறுக எறுக சாமான் சின்னதாவுது, வெல பெருசாவுது. நான் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் சட்டத்த இன்னும் எறுக்குங்க சேர்னுதான் சொல்றது."

அவன் உள்ளபடியே நன்றியோடுதான் சொன்னான். விஷயத்தைக் கேட்டதும் இரக்கப்பட்டு விலையைக்கூடக் குறைத்தான், வைத்தியத்துக்கு என்பதால். ஒரு புத்தியும் சொல்லி அனுப்பினான்: பொட்டலம் ரபாயேலின் பையில் பிடிபட்டால் அவன் வியாபாரி, வெளியே வரவே முடியாது. ஆகவே பஸ்ஸை விட்டு இறங்கியதும் மகனுடைய பையில் போட்டுவிட வேண்டும்.

வெள்ளிக்கிழமை காலை ரொமேஷ் குளித்து, முகம் மழித்து, தாய் தேய்த்து வைத்த சட்டையைப் போட்டுக்கொண்டான். பூட்டிவைத்திருந்த நாட்களில் கன்னத்தில் கொஞ்சம் சதை பிடித்திருந்தது. பலகையில் இருந்த முகத்துக்கும் அவன் முகத்துக்கும் முதல் தடவையாக ஒரு சாயல் வந்திருப்பதாக மார்ஜரிக்குப் பட்டது. நெற்றியில் சிலுவை போட்டு, பையைக் கையில் கொடுத்து அனுப்பினாள். தம்புள்ளைக்குப் போகும் வழியெல்லாம் அவன் ஜன்னலோரமாக இருந்து பேசிக்கொண்டே வந்தான். குணமாகி வந்தால் தோட்டத்திலேயே பேர் பதிந்துகொள்வானாம், தகப்பனோடு கவ்வாத்துக்கு வருவானாம். ரபாயேல் சட்டைப் பொக்கெற்றை ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடி எல்லாவற்றுக்கும் தலையாட்டினான்.

இறங்கினார்கள். லொறிகளும் மூட்டைகளுமாகத் தெரு நிறைந்திருந்தது. ரபாயேல் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பொட்டலத்தைத் தன் கையாலேயே மகனுடைய சட்டைப்பையில் போட்டான். ரொமேஷுக்கு அது என்னவென்று பார்க்காமலே தெரிந்தது. அவனுடைய முகத்தில் இருந்த ஏதோ ஒன்று அணைந்தது.

"இத என்கிட்ட குடுக்காதீங்கப்பா."

"அவங்கதான் கொண்டாரச் சொன்னாங்க. அந்தா தெரியுது பாரு, ஆபீசு. பத்து நிமிசம் வச்சுக்க. அவங்க எடுத்துக்குவாங்க."

வரிசையில் முன்னால் ஆட்கள் இருந்தார்கள். பத்து நிமிடம் ஒரு மணித்தியாலமானது. நிரஞ்சலா தேநீருக்குப் போயிருந்தார். ரொமேஷ் சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். ஒன்றுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று எழும்பினான். உடுப்புப் பையைத் தகப்பனிடமே விட்டுவிட்டுப் போனான், அதனால் ரபாயேலும் நம்பினான்.

பொதுக் கழிவறையின் கதவை உடைத்துத்தான் அவனை வெளியே எடுத்தார்கள். விட்டுத் தெளிந்த உடம்பு பழைய அளவைத் தாங்காதாம், ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் பிறகு சொன்னார். இதை முன்பே சொல்ல வேண்டியவர்கள் யாரென்று ரபாயேலுக்கு இன்றுவரை தெரியாது. மாலையில் நிரஞ்சலாவிடம் போய் மகன் இறந்துவிட்டதாகச் சொன்னபோது அவர் உண்மையிலேயே கவலைப்பட்டார். பிறகு, ஆளும் இல்லை, பொட்டலத்தில் மிச்சமும் இல்லை என்பதால் குற்றம் எதுவும் நடந்ததாக எடுக்க முடியாது, அந்த மட்டில் குடும்பத்துக்குக் கெட்ட பேர் இல்லை என்று ஆறுதல் சொன்னார்.

அடக்கத்துக்கு ஆறுமுகநாதன் மலர்வளையத்தோடு வந்தார். சுவாமியார் ஜெபம் முடித்ததும் இரண்டு வார்த்தை பேச அனுமதி கேட்டார். பேசாமல் போயிருந்தால் அவரை மனிதர் என்று நினைத்திருப்பார்கள்.

"எங்கள் பிரசாரத்தின் முகத்தை இழந்து நிற்கிறோம்," என்றார். "இளம் வயதில் இதயம் நின்றுபோவது இறைவன் சித்தம். ஒரேயொரு ஆறுதல், இது எமது எல்லைக்குள் நிகழவில்லை. தம்புள்ளையில் நடந்தது தம்புள்ளையில் நடந்ததே. வெள்ளைப்பாறையின் தூய்மைக்கு ரொமேஷ் கடைசி வரைக்கும் எந்தக் களங்கமும் ஏற்படுத்தவில்லை."

பச்சைத் தொப்பியைக் கழற்றி மார்பில் வைத்துக்கொண்டு பிரியந்தன் தேம்பித் தேம்பி அழுதான். அது பொய் அழுகை என்று சொல்ல முடியாது. மார்ஜரி அழவில்லை. பலகையிலிருந்து அந்தப் படத்தை எடுத்துவிடச் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டாள். அது அரசாங்கச் சொத்து, எடுத்தால் கேள்வி வரும் என்றார்கள். ஆகவே ரொமேஷ் சேமக்காலைக் குழியில் படுத்திருந்தான், தோட்டத்து முகப்பிலும் நின்றுகொண்டிருந்தான். மழைக்கும் வெயிலுக்கும் அசையாமல், கையைக் கீழே போடாமல்.

வருஷம் ஒன்று போனது. போதை ஒழிந்த ஆண்டு நிறைவு என்று மறுபடியும் பெரட்டுக்களத்தில் மேடை போட்டார்கள். மறுபடியும் அரைப்பேர். அதற்குள் தோட்டத்தில் இன்னும் மூன்று பையன்கள் பாயில் விழுந்திருந்தார்கள், அவர்களையும் தாய்மார் தோளில் தாங்கிக் கூட்டி வந்திருந்தார்கள். ஆறுமுகநாதன் சென்ற வருஷத்து உரையையே பேசினார். செயலணிகள் ஆறாகிவிட்டபடியால் பலனும் ஆறு மடங்கு என்று ஒரு திருத்தம் மட்டும் செய்தார். உறுதிமொழி நேரம் வந்தது. தொடாதவர்கள் கையை உயர்த்துங்கள் என்றார்.

களம் முழுக்கக் கை எழும்பியது. மூன்று தாய்மாரும் மூன்று முழங்கைகளைப் பிடித்து உயர்த்தினார்கள். ரபாயேலால் அதைப் பார்க்க முடியவில்லை. அவன் இரண்டு கையையும் சாரத்தோடு சேர்த்து இறுக்கிக்கொண்டு நின்றான். கணக்கப்பிள்ளை பக்கத்தில் வந்து காதோடு சொன்னார்: "ரபாயேலு, கையத் தூக்கு. பேர் போயிரும்."

"போகட்டுங்க," என்றான்.

மேடையில் சலசலப்பு. வாழ்க்கையில் ஒரு தடவைகூடப் போதை தொடாத அந்த ஒரே மனிதன் மட்டும் கை தூக்காமல் நின்றான். செயலணிக்காரர்கள் கூடிக் கூடிப் பேசினார்கள். கோபித்துக்கொள்வார்கள் என்று எல்லோரும் பயந்தார்கள். ஆனால் ஆறுமுகநாதன் மேடையை விட்டு இறங்கி வந்து ரபாயேலின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவருக்குக் கண்கூடக் கலங்கியிருந்தது.

"நீர் எங்களைக் காப்பாத்திப்போட்டீர். போன கிழமைதான் கொழும்பில இருந்து புதுச் சுற்றறிக்கை வந்தது. ஒவ்வொரு போதையற்ற தோட்டத்திலும் ஒருத்தராவது குணமாக்கப்பட்டிருக்க வேணுமாம். ஆளுக்கு எங்க போறது எண்டு நித்திரையில்லாமல் கிடந்தனான். இண்டைக்கே ஏறும். கட்டில் தயார்."

"நான் எதையும் தொட்டதில்லீங்க சேர்."

"எல்லாரும் முதலில அப்பிடித்தான் சொல்லுவினம்."

ரபாயேல் தன் கைகளை விடுவித்துக்கொண்டான். பிறகு கேட்டான்: "அந்தக் கட்டிலு போன வருசமும் இருந்துச்சுங்களா?"

"இருந்தது, இருந்தது. வருஷம் முழுக்கச் சும்மாதானே கிடந்தது," என்றார் அவர் சந்தோஷமாக. சொன்ன பிறகுதான் யாரிடம் சொல்கிறோம் என்று அவருக்கு உறைத்திருக்க வேண்டும். பேனையைப் பொக்கெற்றிலிருந்து எடுத்து மறுபடியும் பொக்கெற்றில் வைத்தார்.

மார்ஜரி லயத்துக்குப் போய்ப் பையைக் கொண்டு வந்தாள். புதிதாக எதுவும் கட்ட வேண்டியிருக்கவில்லை. மகனுக்குக் கட்டிய பை தம்புள்ளையிலிருந்து திரும்பி வந்தபடியே ஆணியில் தொங்கியது. சவர்க்காரத்தின் உறைகூடக் கிழிக்கப்படாமல் இருந்தது. அதை அவன் கையில் கொடுத்தாள். "அவன் படுக்க வேண்டிய எடம். போய்ப் பாத்துட்டு வாங்க," என்றாள்.

ரபாயேலை ஏற்றிக்கொண்ட ஜீப் தோட்டத்து முகப்பில் மற்ற வாகனங்களுக்காகக் கொஞ்சம் நின்றது. சாரதி புதியவன், டவுன்காரன். பலகையை எட்டிப் பார்த்தான். ஒரு வருஷ வெயிலில் எழுத்துகள் வெளுத்திருந்தன, முகம் மட்டும் வெளுக்கவில்லை. முழங்கையில் அந்த நாலு விரல்களும் அப்படியே இருந்தன.

"யாரண்ணே அந்தப் பொடியன்?" என்று கேட்டான்.

ரபாயேல் மடியில் இருந்த பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"எங்க தோட்டத்துப் பொடியன்தான் தம்பி. இப்ப அவன் ஒருத்தன்தான் எதையும் தொடுறதில்ல."